மாவுக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு தேதி

எனக்கு ஒரு இடத்துல உக்காரத் தெரியாது. கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டு நிக்கிறவன்னு சின்ன வயசுலயே வீட்டுல வைவாங்க. ஆனா இந்த எட்டு மாசமா எனக்கு இருக்குறது அந்தப் பழைய பரபரப்பு இல்ல. சோத்துல கை வச்சா எந்திரிக்கணும்னு தோணுது. எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியல. இந்த நாலு வரி எழுதுறதுக்குள்ள ரெண்டு தடவ எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துட்டேன்.

என் வேலை மாவுக்கட்டு போடுறது. மதுரைக்கு மேற்கே ஒரு அரசு ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். கீழக்குயில்குடியிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போவேன். இருபத்தாறு வருசமா போய்க்கிட்டிருக்கேன். பைக்ல விழுந்தவன், புளியமரத்துலேர்ந்து விழுந்தவன், பஸ் படியில தொங்கி விழுந்தவன்னு வந்துக்கிட்டே இருப்பாங்க. தை மாசம் மாடு புடிச்சு முடிஞ்ச வாரத்துல எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. டாக்டர் எலும்பை இழுத்து நேர் பண்ணுவாரு. நான் பஞ்சைச் சுத்தி, மாவு ரோலை வெதுவெதுன்னு இருக்குற தண்ணியில முக்கி, பிழிஞ்சு, ஒரே சீராச் சுத்துவேன். கட்டு இறுகுறப்ப கொஞ்சம் சூடேறும். அப்ப எல்லாரும் பயந்துருவாங்க. "ஒண்ணுமில்ல, அது அப்படித்தான்"னு சொல்லுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அதைச் சொல்லுவேன்.

போலீஸ் கூட்டிட்டு வர்ற ஆளுக தனி. மாசத்துக்கு ஒருத்தர், ரெண்டு பேர் வருவாங்க. வலது கை, இல்லாட்டி இடது கால். கட்டு ரூம்ல ஒரு நீள நோட்டு இருக்கு. பேரு, வயசு, தேதி, கடைசியா 'அடிபட்ட விதம்'. அந்தக் கட்டத்துல போலீஸ் ஆளுன்னா 'வழுக்கி விழுந்தது'ன்னு எழுதுவோம். வந்தவன் ஸ்டூல்ல உக்காருறதுக்கு முன்னாடியே நான் எழுதி முடிச்சிருப்பேன். ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் ஏன் அம்புட்டு வழுக்குதுன்னு ஊரே சிரிக்குது. கட்டுப் போட்ட கையோட ரவுடி நிக்கிற போட்டோ வந்தா போன்ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டு, கைதட்டுற பொம்மை வேற போடுறாங்க. நானும் சிரிச்சவன்தான். சிரிச்சவன் என்ன, அந்தக் கட்டே நான் போட்டதுதான், அதுல ஒரு பெருமை வேற எனக்கு!

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிடணும். கட்டு காயறதுக்குள்ள அது மேல மார்க்கர்ல தேதி, நேரம், என் பேரோட முதல் எழுத்து மூணையும் எழுதிருவேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு அம்மா வீங்குன விரலோட ஓடி வந்துச்சு. கட்டு போட்டு எம்புட்டு நேரம் ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. அப்ப இருந்த பெரிய டாக்டர் என்னை வைஞ்ச வசவு இன்னும் காதுல நிக்கிது. வீக்கத்துக்கு மணிக்கணக்கு முக்கியம். அன்னையிலிருந்து எழுதாம விட்டதில்ல. அதுவும் உள்பக்கமா, வயித்தைப் பார்த்த பக்கமா எழுதுவேன். வெளிப்பக்கம் எழுதுனா பஸ்லயும் சுவத்துலயும் உரசி அழிஞ்சு போகும்.

ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி, ரெண்டு போலீஸ்காரங்க ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம். வலது மணிக்கட்டு உப்பிப் போய் இருந்துச்சு. காணாமப் போன ஒரு பைக் விஷயமா விசாரிக்கக் கூட்டிட்டு வந்ததாம். நான் யாரு வந்தாலும் என்ன வேலைன்னு கேப்பேன். அவங்க கவனம் வலியிலிருந்து கொஞ்சம் விலகட்டுமேன்னுதான்.

"பரோட்டா மாஸ்டர்ணே."

"சரியாப் போச்சு. நீயும் மாவு பிசையிறவன், நானும் மாவு பிசையிறவன்."

போலீஸ்காரங்க சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. எல்லாரும் கட்டு போடுறப்ப கையப் பார்ப்பாங்க, இல்லாட்டி கண்ணை மூடிக்குவாங்க. இவன் என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தான். வலி தாங்காமப் பார்க்குறான்னு நெனச்சேன்.

நோட்டை எடுக்கப் போனேன். ரெண்டு பேர்ல சின்னவரு எனக்குப் பழக்கம். டீக்கடையில பார்த்தா நின்னு பேசிட்டுப் போறவரு.

"அண்ணே, இன்னைக்கு எழுதாதீங்க. நாளைக்குத் தேதியில மொத வரியாப் போட்டுருங்க. நாளைக்குக் காலையிலதான் இவனைப் புடிக்கப் போனோம். ஓடைப் பாலத்துலேர்ந்து குதிச்சுத் தப்பிக்கப் பார்த்தான், வழுக்கி விழுந்துட்டான்."

நாளைக்கு விழப் போறவனுக்கு இன்னைக்கே கட்டு. எம்புட்டு பெரிய கூத்து பாருங்க! அந்த நேரத்துல எனக்கு அது கூத்தாவும் தெரியல, குத்தமாவும் தெரியல. "டாக்டர் சீட்டு?"ன்னு மட்டும் கேட்டேன். "அதெல்லாம் பேசியாச்சுண்ணே"ன்னாரு. "சரி தம்பி"ன்னேன். யாரும் என்னை மிரட்டல. யாரும் என் பையில எதையும் திணிக்கல. பசி நேரம், கை கழுவிட்டுச் சாப்பிடப் போகணும், அம்புட்டுதான். "நாளைக்கு விரல் வீங்குதான்னு பார்க்கணும், கூட்டிட்டு வந்துருங்க"ன்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டுப் போனாங்க. கூட்டிட்டு வரல.

மறுநாள் காலையில நோட்டைத் தொறந்து, மொத வரியா அவன் பேரை எழுதி, 'பாலத்திலிருந்து வழுக்கி விழுந்தது'ன்னு போட்டேன். கையெழுத்து அழகாவே இருந்துச்சு.

ஆறு வாரம் கழிச்சு அவன் ஜாமீன்ல வந்து, கட்டைப் பிரிக்கப் பொண்டாட்டியோட வந்தான். அதுக்குள்ள பைக் கிடைச்சிருச்சாம். எடுத்தவன் வேற ஆளு. நான் கட்டை ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்தேன். கை சுருங்கி, தோல் உரிஞ்சு, விரலெல்லாம் பாதியிலேயே நின்னுச்சு. "மூடுப்பா"ன்னேன். மூடல. "நல்லா மூடு"ன்னேன். அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு முயற்சி பண்ணுனான். விரல் நடுங்குச்சே ஒழிய மடங்கல. "எண்ணெய் தடவிப் பயிற்சி பண்ணு, சரியாயிரும்"னு சொன்னேன். சரியாகாதுன்னு எனக்குத் தெரியும்.

வெட்டுன கட்டைக் குப்பை வாளியில போடப் போனப்ப அந்தப் பொம்பள, "சார், அதை எங்ககிட்டக் குடுங்க"ன்னுச்சு. இருபத்தாறு வருசத்துல யாரும் கேட்டதில்ல. எதுக்குன்னு கேட்டேன்.

எங்க பக்கம் கை கால் சொகமானா மண்ணுல கை செஞ்சு, கால் செஞ்சு, கோயில்ல கொண்டு போய் வைக்கிறது வழக்கம். அந்தப் பொம்பள எல்லைச் சாமிக்கு நேர்ந்துக்கிட்டதாம். "கை பழையபடி ஆனா, மண்ணு கையோட இந்தக் கட்டையும் சேர்த்து உன் காலடியில போடுறேன்னு சொல்லிட்டேன் சார்"னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நாத்தமடிக்கிற கட்டைச் சாமிக்கா கொடுக்குறதுன்னு கேலி பண்ணிக்கிட்டே ஒரு பேப்பர்ல சுத்திக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு வருசம் நான் அவங்களை நெனைக்கவே இல்ல. பொய் சொல்லல, ஒரு நாள் கூட நெனைக்கல.

போன ஆடி மாசம் அந்தப் பொம்பள ஒரு ஜவுளிக்கடைப் பையோட கட்டு ரூம் வாசல்ல வந்து நின்னுச்சு. புருசன் வரல. பைக்குள்ளேர்ந்து அந்தக் கட்டை எடுத்து என் மேசை மேல வச்சுச்சு. கை சொகமாகல, அதனால நேர்ச்சை செலுத்தல, அதனால கட்டு அவங்க வீட்டு விட்டத்துல ஒரு வருசமாத் தொங்கிக்கிட்டிருந்திருக்கு. கை கழுத்துத் தூளியில தொங்குன வரைக்கும் அந்தப் பக்கத்தை யாரும் கவனிக்கல. ஒரு நாள் ஒட்டடை அடிக்க இறக்குனப்பதான் உள்பக்கத்துல எழுத்து இருக்குறதைப் பார்த்திருக்காங்க.

"இது உங்க எழுத்துதானே சார்?"

நான் பார்த்தேன். தேதி, நேரம், என் முதல் எழுத்து. புதன்கிழமைத் தேதி. மை கொஞ்சம் மங்கியிருந்துச்சு, ஆனா நல்லாத் தெரிஞ்சுது.

அந்தப் பொம்பள நின்னுக்கிட்டே பேசுச்சு. போலீஸ் பேப்பர்ல அவனைப் புடிச்சதே வியாழக்கிழமைன்னு இருக்கு. செவ்வாக்கிழமை பரோட்டாக் கடையிலேர்ந்து கூட்டிட்டுப் போனதை ஊரே பார்த்துச்சு, ஆனா ஊர் சொல்றது பேப்பர்ல வராது. சென்னை மனித உரிமை ஆணையத்துலேர்ந்து விசாரணைக்கு ஒரு அதிகாரி மதுரைக்கு வர்றாராம். இவங்க கொடுத்த மனுவை எடுத்திருக்காங்களாம். ரெண்டு நாள் கணக்குல இல்லாம வச்சு அடிச்சதுக்கு ஒரே சாட்சி இந்தக் கட்டுதான். கட்டு பேசாது. எழுதுனவர் வந்து பேசணும்.

"இன்னொண்ணும் இருக்கு சார். சப்-ஜெயில்ல விரல் வீங்கி ஊதா நெறமாகிப் போச்சுன்னு இவரு கத்தியிருக்காரு. அங்க இருந்தவரு ஆஸ்பத்திரிச் சீட்டுல தேதியைப் பார்த்துட்டு, 'இன்னைக்குத்தானே கட்டு போட்டிருக்கு, அப்படித்தான் இருக்கும்'னு சொல்லிட்டாராம். ஒரு நாள் முன்னாடியே போட்டதுன்னு இவரு சொன்னதை யாரும் நம்பல. சீட்டுல அப்படி இல்லையே."

எலும்பை ஒடைச்சது போலீஸ்காரங்க. ஆனா அந்த விரலுகளை மடங்காமப் பண்ணுனதுல டாக்டர் சீட்டுத் தேதிக்கு ஒத்து நான் எழுதுன அந்த ஒரு வரிக்கும் பங்கு இருக்கு. மணிக்கணக்கு முக்கியம்னு பாடம் படிச்ச நாய் நான். அந்த மணிக்கணக்கைத்தான் மாத்தி எழுதியிருக்கேன்.

"பார்க்கலாம்மா"ன்னேன். பார்க்கலாம்! என்ன வார்த்தை அது? அந்தப் பொம்பள கட்டைத் திரும்பப் பையில வச்சுக்கிட்டுப் போயிருச்சு.

ரெண்டு வாரத்துல எனக்கும் சம்மன் வந்துச்சு. அன்னையிலேர்ந்து இருப்புக் கொள்ளல. டியூட்டி முடிஞ்சு பஸ் ஏறுவேன், நடுவுல இறங்கிருவேன், நடப்பேன். ஒரு நாள் திருமங்கலம் பஸ்ஸுல ஏறி, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போய், அதே பஸ்ஸுல திரும்பி வந்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு. விடிஞ்சா எங்க ஊரு சமணர் மலையைச் சுத்தி நடப்பேன். வழக்கமா வாக்கிங் வர்றவங்க ஒரு சுத்து, ரெண்டு சுத்தோட வீட்டுக்குப் போயிருவாங்க. நான் மட்டும் செருப்புத் தேய நடந்துக்கிட்டிருப்பேன்.

ஒரு பரோட்டாக் கடை வாசல்ல கால் தானா நின்னுச்சு. மாஸ்டர் வலது கையால மாவைச் சுழட்டிச் சுழட்டிக் கல்லுல அடிக்கிறாரு. நான் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். "என்னண்ணே, எத்தனை?"ன்னு கேட்டாரு. ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன். அன்னையிலேர்ந்து எனக்குப் பரோட்டா இறங்கல.

டீக்கடையில அந்தச் சின்னப் போலீஸ்காரர் வந்து பக்கத்துல உக்காந்தாரு. இப்ப ஒரு படி மேல போயிட்டாரு, தோள்ல பட்டை கூடியிருக்கு.

"அண்ணே, கட்டுல யாரு வேணும்னாலும் எழுதிக்கலாம்ல? உங்களை யாரும் பொய் சொல்லச் சொல்லல. 'ஞாபகம் இல்ல'ன்னு ஒரு வார்த்தை. தெனமும் எம்புட்டு கட்டு போடுறீங்க, ஞாபகம் இல்லாட்டி அது குத்தமா? மாத்திச் சொன்னா உங்க நோட்டுதான் மொதல்ல மாட்டும்."

மரியாதையாத்தான் சொன்னாரு. டீயும் சொன்னாரு. அவரு சொன்னது அத்தனையும் நெசம், அதுதான் என்னைப் புடுங்குச்சு. உண்மையைச் சொல்லணும்னா, நான் பொய்க்கணக்கு எழுதுனவன்னு மொதல்ல ஒத்துக்கணும். ரிட்டயர் ஆக மூணு வருசம். ஞாபகம் இல்லன்னா நான் தப்பிச்சேன், அவங்களும் தப்பிச்சாங்க. பரோட்டா மாஸ்டர் மட்டும் பாலத்துலேர்ந்து குதிச்சவனாவே இருந்துட்டுப் போவான்.

வீட்டுல சொன்னேன். என் பொண்டாட்டி மொதல்ல, "நமக்கு எதுக்குங்க இந்த வம்பு?"ன்னுதான் சொன்னா. நான் எந்திரிச்சு வாசலுக்கும் அடுப்படிக்குமா நடக்க ஆரம்பிச்சேன். அவ அடுப்பை அணைச்சுட்டு வந்தா.

"ரிட்டயர் ஆக மூணு வருசமா? அதுவரைக்கும் இப்படியே நடந்துக்கிட்டு இருக்கப் போறீங்களா?"

"அரசாங்கத்தை எதுத்துச் சாட்சி சொல்றதுன்னா சும்மாவாடி?"

"நீங்க யாரு? நீங்களும் அரசாங்கம்தானே? சம்பளம் யாரு குடுக்குறா?"

எனக்குக் கோபம் வந்துச்சு. அவ சரியாச் சொன்னா எனக்கு எப்பவும் கோபம் வரும். அரசாங்கம்னா அது எங்கேயோ சென்னையில, கோட்டையில, கார்ல போறதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தவன் நான். யோசிச்சுப் பார்த்தா, ஒரு ரவுடி ஒருத்தன் கைய ஒடைச்சா அவனுக்காக நோட்டு எழுத ஒரு ஆஸ்பத்திரி கெடையாது. தேதியை மாத்திக் கொடுக்க டாக்டர் கெடையாது. சீட்டைப் பார்த்துட்டு 'அப்படித்தான் இருக்கும்'னு சொல்ல சப்-ஜெயில் கெடையாது. அரசாங்கம் ஒடைச்சாத்தான் இம்புட்டுப் பேரும் சம்பளத்துக்கு உக்காந்து ஒத்தாசை பண்றோம். ரவுடி அடிச்சா ஸ்டேஷனுக்கு ஓடலாம். ஸ்டேஷனே அடிச்சா அந்த மனுசன் எங்க ஓடுவான்? அதுனாலதான் மத்தவங்களை விட இவங்களைக் கூடுதலாக் கேக்கணும். கேக்க வேண்டிய இடத்துல நின்னு கேக்கணும். இது புரியுறதுக்கு எனக்கு ஐம்பத்தேழு வயசு ஆயிருக்கு, வெக்கம்!

விசாரணை மதுரையில ஒரு அரசு விருந்தினர் மாளிகை ஹால்ல நடந்துச்சு. நீள மேசை, ஃபேன் சத்தம். பரோட்டா மாஸ்டர் ஓரத்து நாற்காலியில உக்காந்திருந்தான். இப்பக் கல்லுக்கிட்ட நிக்கிறதில்ல, அதே கடையில எலை எடுக்குறானாம். வலது கைய மடியில வச்சு இடது கையால மூடியிருந்தான். என்னைப் பார்த்து வணக்கம் கூடச் சொல்லல. அந்தப் பொம்பள மட்டும் லேசாத் தலைய ஆட்டுச்சு.

அதிகாரி கட்டைத் திருப்பிக் காட்டி, "இந்த எழுத்து யாருது?"ன்னு கேட்டாரு.

என் காலு மேசைக்கு அடியில ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஞாபகம் இல்லங்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, மறைக்க விரும்பல. வாசலுக்குப் பக்கத்துல சின்னப் போலீஸ்காரரு சுவத்துல சாஞ்சு நிக்கிறாரு.

"என்னோடது சார். புதன்கிழமை மத்தியானம் நான்தான் கட்டு போட்டேன். நோட்டுல வியாழக்கிழமைன்னு எழுதுனதும் நான்தான். அது பொய்."

எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சாரு. "ஒரு இடத்துல பொய் எழுதுனவர் நீங்க. இன்னொரு இடத்துல எழுதுனது உண்மைன்னு எப்படி நம்புறது?"

"நோட்டுல எழுதுனது அவங்க சொல்லி எழுதுனது சார். கட்டுல எழுதுறது நான் யாரு சொல்லியும் எழுதுறதில்ல. சொல்லியிருந்தா அதையும் மாத்தியிருப்பேன்."

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தாரு. பக்கத்துல இருந்தவரு அதை டைப் அடிச்சாரு. கட்டை ஒரு கவர்ல போட்டு சீல் வச்சாங்க. அந்தப் பொம்பள எந்திரிச்சு, "சார், அது சாமிக்கு நேர்ந்தது. முடிஞ்சதும் திருப்பிக் குடுப்பீங்கள்ல?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு ஒரு ரசீது கொடுத்தாங்க.

அடுத்த மாசம் எனக்கு மெமோ வந்துச்சு. பதிவேட்டுல பொய்யாத் தேதி எழுதுனதுக்கு உங்க மேல ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பதினஞ்சு நாளைக்குள்ள விளக்கம் கொடுக்கணும். கொடுத்தேன். 'ஆம், எழுதினேன்'னு ஆரம்பிச்சு, எழுதச் சொன்னது யாரு, சீட்டு கொடுத்தது யாரு, எல்லாத்தையும் எழுதுனேன். டாக்டர் மேல்படிப்புக்குப் போயிட்டாரு. போலீஸ்காரங்க டியூட்டியிலதான் இருக்காங்க. இது நடந்ததுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும், 'ஏன் செஞ்சே'ன்னு எழுத்துல கேக்கப்பட்ட ஒரே ஆளு நான்தான். கட்டு போடுறவன்! வயித்தெரிச்சலா இருக்கா இல்லையா?

அடுத்த விசாரணைக்குப் போனப்ப அந்த வயித்தெரிச்சலோடதான் போனேன். போலீஸ் தரப்பு வரல, தள்ளி வச்சுட்டாங்க. வெளிய வேப்ப மரத்தடியில பரோட்டா மாஸ்டர் நின்னுக்கிட்டிருந்தான். அவன்கிட்டப் போய் என் மெமோவைப் பத்திக் கொட்டித் தீர்த்தேன். பாரு தம்பி, உனக்காக வந்து இப்ப நான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன், அடிச்சவன் சொகமா இருக்கான், பதில் சொல்றது நான் மட்டும்தான்னு. அவன் நல்லது ரெண்டு வார்த்தை சொல்லுவான்னு எதிர்பார்த்தேன், உண்மையச் சொன்னா நன்றியே எதிர்பார்த்தேன்.

அவன் பொறுமையாக் கேட்டான்.

"அண்ணே, நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"கேளு."

"அன்னைக்குக் கட்டு போட எம்புட்டு நேரம் ஆச்சு? பத்து நிமிசம் இருக்குமா? அந்தப் பத்து நிமிசமும் உங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். 'எப்படிப்பா அடிபட்டுச்சு'ன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு. ஏண்ணே கேக்கல?"

மெமோவுக்குப் பதில் சொல்லவாவது பதினஞ்சு நாள் கொடுத்தாங்க.